கனி விற்றவர் எங்கே?

"பழம் வித்தவங்கள யாருமே ஒண்ணும் கேக்கலையா, டீச்சர்?"

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னைக் கேட்ட கேள்வி இது. அன்று அடைமழை. வகுப்பில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களுக்கும் இலக்கணத்தில் மனம் செல்லவில்லை, எனக்கும் செல்லவில்லை. கல்லூரியில் நான் படித்த ஆங்கிலக் கதைப்பாட்டு ஒன்றைத் தமிழில் கதையாகச் சொன்னேன். "குறளிச் சந்தை" என்று அதற்கு நானாக ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். கிறிஸ்டினா ரோசெட்டி என்ற ஆங்கிலப் பெண்பாற் புலவர் 1859-இல் எழுதி, 1862-இல் நூலாக வெளிவந்தது அது.

இரு சகோதரியர்: லாரா, லிஸ்ஸி. அந்திப் பொழுதில் நீரோடைக் கரையிலே குறளிகள் பழம் கூவி விற்கின்றன. பூனை முகம் ஒன்றுக்கு, எலி நடை ஒன்றுக்கு. ஆனால் அத்தனையும் ஆண்கள். லிஸ்ஸி காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுகிறாள். லாரா நிற்கிறாள். கையிலே காசில்லை. "காசு எதற்கு? உன் தலையிலே பொன் இருக்கிறதே" என்கிறார்கள். ஒரு சுருள் பொற்கூந்தலைக் கத்தரித்துக் கொடுக்கிறாள், ஒரு சொட்டுக் கண்ணீரும் உதிர்க்கிறாள், வயிறாரத் தின்கிறாள்.

மறுநாள் முதல் அவள் காதில் அந்தக் கூவல் விழுவதேயில்லை. ஒருமுறை தின்றவளுக்கு மறுமுறை விற்பதில்லை அந்த வணிகர்கள்! தங்கைக்குக் கேட்கிறது, தின்றவளுக்குக் கேட்கவில்லை. ஏங்கி ஏங்கி அவள் தலை நரைக்கிறது, வேலையில் கை ஓடவில்லை, உயிர் தேய்கிறது. முன்பு இப்படித்தான் ஜீனி என்றொருத்தி தின்றாள், தேய்ந்தாள், செத்தாள். அவள் கல்லறை மீது புல்லும் முளைக்கவில்லை. அதை எண்ணிய லிஸ்ஸி ஒரு வெள்ளிக்காசை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறாள். அக்காவுக்குப் பழம் கேட்கிறாள். "எங்களோடு உட்கார்ந்து நீயே தின்னு" என்கிறார்கள். மறுக்கிறாள். அடிக்கிறார்கள், கீறுகிறார்கள், ஆடையைக் கிழிக்கிறார்கள், பழத்தை வாயில் திணிக்கப் பார்க்கிறார்கள். அவள் உதடு திறக்கவில்லை. முகமெல்லாம் வழியும் சாற்றோடு வீட்டுக்கு ஓடி வருகிறாள். அந்தச் சாறு இப்போது லாராவின் நாவில் கசக்கிறது, எரிக்கிறது, இரவெல்லாம் துடிக்கிறாள், விடியும்போது பிழைத்துக்கொள்கிறாள்.

கதை முடிந்தது. அப்போதுதான் மூன்றாம் வரிசையிலிருந்து அந்தக் கேள்வி எழுந்தது.

மணி அடித்தது. நான் தப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை, பேருந்தில் என்னோடு வந்தது, வீட்டுக்குள் நுழைந்தது, என் பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுக்கச் செய்தது.

* * *

தோழர்களே! பகுத்தறிவு பேசும் நமக்குப் பாவ மன்னிப்புப் பாடல்கள் எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணினேன். கல்லூரியில் விக்டோரியா காலத்துச் சமயக் கவிதை எனக்கு மூன்று சொற்களாகவே வந்து சேர்ந்தது: சோதனை, வீழ்ச்சி, மீட்பு. குறளிகள் சாத்தான், பழம் ஏதேன் தோட்டத்துக் கனி, லாரா ஏவாள், லிஸ்ஸி ஏசு. இந்த வாய்ப்பாட்டை எழுதினால் மதிப்பெண் உறுதி. எழுதினேன், பெற்றேன். வகுப்பிலேயே முதல் மதிப்பெண்!

ஆனால் வாய்ப்பாட்டுக்குள் அடங்காத ஒன்று அந்தப் பாட்டில் இருந்தது. அதை ஒரு பள்ளிச் சிறுமி கண்டாள். பட்டம் பெற்ற நான் காணவில்லை. பாவம் என்பது வானத்தில் எழுதப்பட்ட சட்டமா, மண்ணில் நடக்கும் வாணிகமா? வாணிகமானால், வாங்கியவளுக்கு மட்டும் தண்டனை ஏன்?

பாவம் என்ற எண்ணம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதற்குக் கிறிஸ்டினாவின் வாழ்க்கையே சான்று. 1830-இல் இலண்டனில் பிறந்தவர். இத்தாலிய நாட்டிலிருந்து அரசியல் காரணமாக வெளியேறி வந்த புலவரின் மகள். புகழ்பெற்ற ஓவியரின் தங்கை. சதுரங்கம் ஆடுவதில் வல்லவர். ஆனால் வெல்லும்போது மகிழ்ச்சி மிகுகிறதே, அது பாவமல்லவா என்று அஞ்சி ஆட்டத்தையே விட்டுவிட்டார் என அவர் அண்ணன் வில்லியம் எழுதி வைத்தார். சுவின்பர்ன் என்ற கவிஞரின் நூலில் கடவுளைச் சாடும் வரிகள் இருந்தன. நூலை எறிந்துவிட மனமில்லை. அந்த வரிகளின் மேல் தாள் துண்டு ஒட்டி மறைத்துப் படித்தார்! இரண்டு ஆடவர் அவரை மணக்க விரும்பினர். ஒருவர் கத்தோலிக்க நெறிக்குத் திரும்பியதால் 1850-இல் அந்த உறுதி முறிந்தது. மற்றவரின் நம்பிக்கை போதுமான உறுதியுடையதாக இல்லை என்று 1860-களில் மறுத்தார். ஆயினும் அந்த மனிதர் 1883-இல் இறக்கும்வரை அன்பு மாறாமல் பழகினார். சதுரங்கப் பலகையிலும் சாத்தான், சங்கத் தமிழ் போற்றிய காதலிலும் சாத்தான்!

எள்ளி நகையாடத்தான் தோன்றும். நானும் சிரித்தேன். ஆனால் ஹாப்கின்ஸின் வாழ்க்கையைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் ஆக்ஸ்போர்டில் படித்த இளைஞர். நாள்தோறும் தான் செய்த பாவங்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தவர். 1868-இல் ஏசு சபையில் துறவியாகச் சேருமுன், தான் எழுதிய கவிதைகளைத் தீக்கு இரையாக்கினார். கவிதை எழுதுவது துறவுக்கு இடையூறாம்! மறு ஆண்டு ஆறு மாத காலம் கண்களைத் தாழ்த்தியே வைத்திருக்கும் நோன்பு நோற்றார். நினைத்துப் பாருங்கள். இலையின் நரம்பையும் மேகத்தின் மடிப்பையும் அவரைப்போல் கூர்ந்து கண்டவர் ஆங்கிலத்தில் மிகச் சிலர். அந்தக் கண்கள் அரை ஆண்டு நிலத்தையே நோக்கின! 1875-இல் ஒரு கப்பல் உடைந்து, செர்மனி நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து கன்னித் துறவியர் கடலில் மாண்டபோது, "யாராவது இதைப் பாடினால் நன்று" என்று சபைத் தலைவர் சொன்ன ஒரு சொல்லுக்காக ஏழாண்டு மௌனம் கலைந்து எழுதினார். 1889-இல், 44 வயதில், குடற்காய்ச்சலில் இறந்தார். அவர் கவிதைகள் நூலாக வந்தது 1918-இல். அவர் மறைந்து 29 ஆண்டுகள் கழித்து.

அவர் எதைத் திருடினார்? யாரை ஏமாற்றினார்? ஒன்றுமில்லை. அழகைக் கண்டார், மகிழ்ந்தார், அஞ்சினார். அதே மனிதர் 1871-இல் நண்பருக்கு எழுதிய மடலில், உழைப்பவன் வறுமையில் உழலும் நாட்டின் நிலை கண்டு, தானும் ஒருவகையில் பொதுவுடைமையாளனே என்று எழுதினார். பசியைக் கண்டு கொதித்த அந்த நெஞ்சு, தன் கண்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. பாவ அச்சம் கொடியவர்களை அச்சுறுத்துவதில்லை, தோழர்களே! அது மென்மையான நெஞ்சங்களையே தேடிப்பிடித்து மென்று தின்கிறது.

கொடியவர்கள் எப்படி இருந்தார்கள்? அதற்கு ஆர்தர் ஹியூ கிளஃப் என்ற கவிஞர் விடை சொல்கிறார். திருச்சபையின் கோட்பாடுகளை மனமாரக் கூற இயலவில்லை என்று 1848-இல் ஆக்ஸ்போர்டுப் பதவியைத் துறந்தவர் அவர். பத்துக் கட்டளைகளையும் இலாப நட்டக் கணக்காக மாற்றி அவர் எழுதிய அங்கதப் பாட்டு, அவர் மறைந்த மறு ஆண்டு, 1862-இல் அச்சேறியது. கட்டளையை மீறாமலே அயலானை நசுக்கும் கலை அந்நாளைய கனவான்களுக்குக் கைவந்திருந்தது என்பதே அதன் உட்கருத்து. கிறிஸ்டினாவின் நூல் வந்ததும் அதே ஆண்டுதான்.

* * *

இனி, கனி விற்றவரைத் தேடுவோம்.

கிறிஸ்டினா 1859 முதல் இலண்டன் ஹைகேட் பகுதியில் இருந்த மகதலேனா மரியாள் இல்லத்தில் தொண்டாற்றினார். "வழுக்கி விழுந்த" பெண்களைத் திருத்தும் இல்லம் அது. அங்கே பெண்கள் துவைக்கவும் தைக்கவும் பழகி, வழிபாட்டில் மனம் வருந்தி, வீட்டுப் பணிப்பெண்களாக வெளியேறுவர். நல்ல நோக்கந்தான். ஆனால் "விழுந்தாள்" என்ற சொல்லைப் பாருங்கள்! தள்ளியவன் அந்தச் சொல்லுக்குள் இல்லவே இல்லை. அவனைத் திருத்த ஓர் இல்லம் கட்டவேண்டும் என்று அந்தச் சமுதாயத்துக்குத் தோன்றவுமில்லை.

சட்டத்தைப் பாருங்கள். 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், மணமாகாத தாயின் குழந்தையை அவள் தலையிலேயே சுமத்தியது. தந்தையைப் பொறுப்பேற்கச் செய்வதை அரிதாக்கியது. 1857-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டப்படி மனைவி பிறழ்ந்தால் அதுவே போதும், கணவன் விலக்கலாம். கணவன் பிறழ்ந்தால் போதாது. கொடுமையோ, கைவிடலோ, வேறு குற்றமோ சேர்த்து மனைவி மெய்ப்பிக்க வேண்டும்! 1864-இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. படைவீரர் தங்கிய ஊர்களிலும் துறைமுகங்களிலும் பரத்தை என்று காவலர் ஐயுற்ற பெண்ணை வலிந்து மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தலாம். நோய் இருந்தால் அடைத்து வைக்கலாம். அவளிடம் வந்த ஆடவனுக்குச் சோதனை இல்லை. அதே அச்சில் வார்த்த சட்டம் 1868-இல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. 1875 வரை, 12 வயது நிரம்பிய சிறுமி தன் கேட்டுக்குத் தானே இசைந்தவளாகக் கொள்ளப்பட்டாள். 16 வயது என்ற எல்லை வந்தது 1885-இல்தான்.

ஞாயிறுதோறும் பாவத்தைப் பற்றி நாடெங்கும் மேடை முழங்கியது. திங்கட்கிழமை அந்தப் பாவத்தின் விலைச்சீட்டு முழுவதும் பெண்ணின் பெயரில் எழுதப்பட்டது. கூந்தலும் அவளுடையது, கண்ணீரும் அவளுடையது, கல்லறையும் அவளுடையது. குறளிகளோ கதை முடிவில் மண்ணுக்குள்ளும் ஓடைக்குள்ளும் மறைந்துபோகின்றன. எந்த நீதிமன்றமும் அவர்களை அழைக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்தச் சட்டத்தை எதிர்த்து 1869 முதல் போராடிய பெண்களின் தலைவி ஜோசஃபைன் பட்லர் ஆழ்ந்த சமயப்பற்று உடையவர், பாதிரியாரின் மனைவி. கூட்டம் கூட்டமாக எதிர்ப்பு வந்தும் பின்வாங்கவில்லை. 1886-இல் அந்தச் சட்டத்தை ஒழித்தே விட்டார்கள். கிறிஸ்டினாவும் தன் பாட்டில் குறளியைத் தண்டிக்கவில்லைதான். ஆனால் தின்றவளைச் சாகவும் விடவில்லை. அவள் மணந்து, மக்களைப் பெற்று, தன் கதையைத் தானே சொல்லும் அளவுக்கு வாழ வைத்தார். விழுந்த பெண்ணைக் கதை முடிவில் ஆற்றில் தள்ளிக் கொன்றுவிடுவதே வழக்கமாயிருந்த காலத்தில் இது சிறிய செயலன்று! அவளை மீட்க வானிலிருந்து யாரும் வரவில்லை. வந்தவள் சகோதரி. கையெழுத்துப் படியில் அந்தப் பாட்டைத் தன் அக்கா மரியாவுக்குத்தான் படைத்திருக்கிறார். ஏசுவைத்தான் அவர் மனத்தில் கொண்டார் என்பர் ஆய்வாளர் பலர். அப்படி ஆழமான உட்பொருள் ஏதும் வைக்கவில்லை என்று அவரே சொன்னதாக அண்ணன் குறித்தார். எதுவாயினும், காசை எடுத்துக்கொண்டு இருட்டில் சந்தைக்கு நடந்தவை ஒரு பெண்ணின் கால்கள்!

* * *

இதுவரை நூலைப் பற்றிப் பேசினேன். இனி என்னைப் பற்றி.

பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன் என்றேனே, அதைத் திறந்ததும் ஒரு மடல் விழுந்தது. என் அக்காவின் கையெழுத்து. நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது விடுதிக்கு வந்த மடல் அது.

என் அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவள். இருவரையும் படிக்க வைக்கக் கையில் பணமில்லை. "சின்னவள் படிக்கட்டும்" என்று அவளே சொன்னாள். துணிக்கடையில் வேலைக்குச் சென்றாள். அங்கே ஒருவனை நம்பினாள். குழந்தை உருவானபோது அவன் ஊர் மாறிவிட்டான். பின்னர் வேறிடத்தில் நகை நட்டோடு அவனுக்குத் திருமணம் நடந்தது. அழைப்பிதழ் எங்கள் தெருவுக்கே வந்தது. நல்ல பிள்ளை என்று வாழ்த்தினார்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படம் கிடையாது. அப்பா நாள் நட்சத்திரம் பார்க்காதவர்; பாவம், புண்ணியம் என்ற சொற்களையே வீட்டில் அண்டவிடாதவர். அப்படிப்பட்டவர் அன்று பாவம் என்று சொல்லவில்லை. "மானம் போச்சு" என்றார். "இனி அவ பேரை இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது" என்றார். வாசல் வழியே விரட்டிய பாவம் கொல்லைப்புறமாக வந்து, மானம் என்ற சட்டையை மாட்டிக்கொண்டு, நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தது! ஒளிந்து ஒளிந்து கோயிலுக்குப் போகும் என் அம்மாதான் அடுக்களையில் என் காதோடு சொன்னாள்: "பாவம்டி அவ."

அந்தச் சொல்லின் பொருளை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. இன்று எண்ணுகிறேன். வடமொழியிலிருந்து வந்த சொல்தான். ஆனால் நம் தாய்மார்கள் அதை வாங்கி என்ன செய்திருக்கிறார்கள், பாருங்கள்! புராணிகன் வாயில் அது குற்றம். எங்கள் தெருப் பெண்கள் வாயில் அது இரக்கம். "ஐயோ பாவம்" என்று ஒரு குழந்தை விழுந்தால் சொல்கிறோம். யாரும் குழந்தையைக் குற்றவாளி என்று எண்ணுவதில்லை. தண்டிக்க வந்த சொல்லைத் தடவிக்கொடுக்கும் சொல்லாக்கிவிட்டது தமிழச்சியின் நாக்கு. படிப்பறிவில்லாத பெண்கள் செய்த இந்தப் புரட்சியைப் படித்த நான் கற்கவில்லை.

ஆம். மடலுக்கு நான் விடை எழுதவில்லை. "பரீட்சை நல்லா எழுது. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ" என்று எழுதியிருந்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. தேர்வு முடியட்டும் என்றேன். பயிற்சிப் படிப்பு முடியட்டும் என்றேன். வேலை கிடைக்கட்டும் என்றேன். அப்பாவின் மீது பழியைப் போட்டேன். சகோதரியின் பொருட்டு இருட்டில் நடந்த ஒருத்தியைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி முதல் மதிப்பெண் வாங்கினேன். அந்தப் பக்கங்களுக்கு நடுவில் என் அக்காவின் மடலை அடையாளத்துக்கு வைத்திருந்தேன்! கடவுளுக்கு எதிரான குற்றம் என்று ஒன்று இருப்பதாக நான் நம்பவில்லை. மனிதருக்கு எதிரான குற்றம் உண்டு. அதை நான் செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்குப் பேருந்து ஏறினேன். ஒற்றை அறை வீடு. கூடத்தில் குவிந்த பனியன்களுக்கு நடுவே உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "வந்தியா" என்றாள். சற்றுப் பொறுத்து, "சாப்ட்டியா?" என்றாள். ஐந்து வயதுப் பெண் குழந்தை கதவோரம் நின்று என்னைப் பார்த்தது. "சித்திடி" என்று அறிமுகம் செய்தாள். நான் மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்து வந்திருந்த சொற்கள் ஒன்றும் வெளியே வரவில்லை. நானும் ஒரு கத்தரிக்கோல் எடுத்து உட்கார்ந்தேன். மாலைவரை இருவருமாகப் பிசிறு வெட்டினோம். என் வெட்டு சரியில்லை என்று இரண்டு முறை திட்டினாள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு என் அக்கா என்னைத் திட்டினாள்!

புறப்படும்போது அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். அவருக்கும் சொல்லப்போகிறேன், மறைக்கப்போவதில்லை என்றேன். சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "புள்ளைக்கு என்ன பேரு?" என்று கேட்டார். அவ்வளவுதான் இதுவரை.

தோழர்களே! கடவுள் இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஒரு மேடையும் ஒரு மாலைப்பொழுதும் போதும். கடவுள் பெயரால் எழுதப்பட்ட பழங்கணக்கை நம் வீட்டிலேயே கிழிப்பதுதான் கடினம். ஒரு பெண்ணைச் சுட்டி ஊர் விரல் நீட்டும்போதெல்லாம், சொர்க்கம் நரகம் பற்றி வாதிடுமுன், என் மாணவி கேட்டதைக் கேளுங்கள்: கனி விற்றவர் எங்கே?

மறுநாள் வகுப்பில் அவளுக்கு விடை சொன்னேன். "கேக்கலம்மா. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. யாரும் கேக்கல. நீ கேட்டதுதான் சரி."

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். நாங்கள் இலக்கணப் பாடத்தைத் தொடங்கினோம். அன்றைய பாடம் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்.